நாங்கள் கேட்ட அவகாசம்

சாலைக் கடைத்தெருவில் கம்பியும் சிமெண்டும் பெயிண்டும் விற்கிற என் கடைக்கு இன்று மூன்று ஷட்டர். தொடங்கின காலத்தில் ஒற்றைக் கதவு. நான் உள்ளே நின்றால் சரக்கு வெளியே நிற்க வேண்டும். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் பிள்ளைகள் தங்குகிற ஹாஸ்டல்களில் இரண்டு நான் கட்டியவை. கரமனையில், ஆறு பெருகினால் தண்ணீர் ஏறும் என்று எல்லாரும் விலகிப்போன மனையில் என் வீடு நிற்கிறது. மகளை டாக்டருக்குப் படிக்க வைத்தேன். என்னிடம் வேலை பழகிய பையன்கள் இன்று சொந்தமாகக் காண்டிராக்ட் எடுக்கிறார்கள். ரோட்டில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்குகிறார்கள். இத்தனையும் நாலாம் வகுப்போடு நின்றவன், ஒரு கொத்தனார் மகன், மார்த்தாண்டம் பக்கமிருந்து தகப்பனோடு பஸ் ஏறி வந்தவன், யாருடைய சிபாரிசும் இல்லாமல் செய்தது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் என் வயசுக்காரர்களே, நான் முதலில் கட்டியது இதெல்லாம் அல்ல. உங்களில் நாலு பேருக்காவது அது ஞாபகம் இருக்கும். அதற்குச் செங்கலும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. நம்முடைய கோயிலில் ஞாயிறு மத்தியானம் நடக்கிற தமிழ் ஆராதனையைத்தான் சொல்கிறேன். அது விழுந்துவிடாமல் முட்டுக்கொடுத்து நிறுத்தியபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. எழுபதுகளில் ஒரு மழைக்காலம் தொடங்கி அந்த வருஷக் கிறிஸ்துமஸ் வரைக்கும் நடந்ததை எழுதிவைக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் என் மருமகள் திருத்துவாள். விஷயத்தைத் திருத்த அவளுக்கு அனுமதி இல்லை.

மலையாளம் பேசுகிற இந்த ஊரில் வளர்ந்த தமிழனுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரே சொல் அவன் முன்னால் இரண்டு வேஷத்தில் வந்து நிற்கும். தேவாலயத்தை நாம் கோயில் என்போம், மலையாளத்துக்காரர்கள் பள்ளி என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி என் அம்மாவிடம், "மோன் பள்ளியில் போகுந்நில்லே?" என்று கேட்டால், அம்மா முகம் வாடி, "அவன் படிப்ப நிறுத்தி வருசமாச்சே" என்று பதில் சொல்வாள். போதகரை நம் ஆட்கள் ஐயர் என்பார்கள். கரமனை அக்கிரகாரத்தில் சுவர் பூசப் போனபோது, "எங்க ஐயரு நேத்து வீட்டுக்கு வந்து கோழிக்கறி தின்னாரு" என்று நான் வாயை விட்டுவிட்டேன். கிணற்றடியில் நின்ற மாமி வாளியை அப்படியே போட்டுவிட்டாள்.

"ஐயரா? கோழியா? எந்தத் தெருடா அவர்?"

அப்பா வந்து விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் குழைத்த சாந்து இறுகிப்போயிற்று. இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தப்புகள். ஒரு தப்பு மட்டும் சிரிப்போடு போகவில்லை. அதைத்தான் சொல்லவந்தேன்.

கோயிலில் காலையில் மலையாள ஆராதனை. ஆபீஸ்காரர்கள், வாத்தியார்கள், இஸ்திரி மடிப்புக் கலையாத வேட்டிகள். மத்தியானம் இரண்டரைக்குத் தமிழ் ஆராதனை. யாருக்கும் வேண்டாத நேரம் என்பதால் நமக்குக் கிடைத்தது. ஆனால் நமக்குப் பொருத்தமும் அதுதான். சாலையில் ஓட்டல் வேலை செய்தவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து சாயங்கால அடுப்புப் பற்றவைப்பதற்கு இடையில்தான் மூச்சுவிட நேரம். குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வருவார்கள். ஆனாலும் கறிவேப்பிலையும் கொதித்த எண்ணெயும் கூடவே வரும். மூட்டை தூக்குகிறவர்களிடம் வற்றல் மிளகாய் நெடி. எங்கள் பக்கம் ஈரச் சுண்ணாம்பு. வெளவால் வாடை அடிக்கிற அந்த உயரமான கூரைக்கு அடியில் இத்தனை மணங்களும் சேர்ந்து ஜெபத்துக்குக் கண்ணை மூடும். அந்த மணம் இன்று எங்கும் இல்லை. வாசனைத் தைலம் வந்து எல்லாரையும் ஒன்றாக்கிவிட்டது.

ஆராதனையை நடத்தியவர் உபதேசியார். போதகர் அல்ல, அவருக்கு அடுத்தபடி ஊழியம் செய்கிறவர். பாறசாலைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார், வெயிலானாலும் மழையானாலும் கறுப்புக் குடையோடு. ஆஸ்துமாக்காரர். பிரசங்கத்தின் நடுவில் மூச்சுக்காக நிறுத்துவார். நாங்கள் சின்னப் பிள்ளைகள், அவர் பரலோகத்தில் யாரோ சொல்லிக்கொடுப்பதைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்று நம்பினோம். அந்த வருஷம் மழை இறங்கியதும் அவரால் மூச்சே விட முடியவில்லை. மகள் வந்து தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். பிறகு வரவில்லை.

அப்போதைய போதகர், எல்லாரும் அச்சன் என்று கூப்பிட்டவர், வடக்கே கொச்சியிலிருந்து புதிதாக வந்தவர். தமிழ் தெரியாது. கமிட்டிச் செயலாளர் பெரிய அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவரே முடிவு சொல்லிவிட்டார்: தமிழ் ஆராதனையை நிறுத்திவிடலாம், எல்லாரும் காலையில் வரட்டும், எல்லாருக்கும்தான் மலையாளம் புரிகிறதே.

புரியும்தான். அதில் அவர் பொய் சொல்லவில்லை. என் அம்மா சித்தாள் வேலை செய்தவள். கல்லுக்கும் மண்ணுக்கும் பேரம் பேசியது முழுக்க மலையாளத்தில்தான். ஒரு ஞாயிறு காலை நல்ல சேலை கட்டிக்கொண்டு அந்த ஆராதனைக்குப் போனாள். திரும்பி வந்து சேலையை மடித்தபடி சொன்னாள்:

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்து மக்கா. ஆனா எனக்கப் பேரச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு காலையில் போகவில்லை. நான் செய்ததெல்லாம் அந்த ஒரு பேச்சுக்காகத்தான் என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று கேட்டிருந்தால், சும்மா ஒரு வீம்புக்குச் செய்தேன் என்று சொல்லியிருப்பேன்.

நிறுத்தப்பட்ட செய்தியைக் காலை ஆராதனையில்தான் வாசித்தார்கள். காலையில் வராதவர்களுக்கு யார் சொல்வது? இரண்டரைக்கு வழக்கம்போல ஆட்கள் வந்துவிட்டார்கள். தேக்குக் கதவு பூட்டியிருந்தது. நான் சாவி கேட்டுக் கப்பியார் வீட்டுக்கு ஓடினேன். மணியடித்துக் கோயிலைப் பெருக்கி வைக்கிறவர் அவர். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார்.

"தாக்கோல் தாங்க, ஆளெல்லாம் வந்து நிக்கி."

"எந்தரு அப்பீ? தாக்கோல் செக்ரட்டரி சாறு வாங்கிட்டுப் போயி. எனக்க கையில தொடப்பந்தான் இருக்கு. வேணுமா?"

வெறுங்கையோடு திரும்பினேன். முகப்பில் நிழல் கொஞ்சம்தான். பெண்கள் அதில் ஒண்டிக்கொள்ள, ஆண்கள் வெயிலில் நின்றார்கள். ஓட்டலில் சாம்பார் ஊற்றுகிற அண்ணாச்சி, "சவத்த விடுங்கடே, போவோம். அடுப்புப் பத்த வைக்க நேரமாவுது" என்று படியிறங்கினார். அவர் பின்னால் நாலைந்து பேர் அசைந்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, வாய் திறந்துவிட்டது.

"நில்லுங்க அண்ணாச்சி. கதவப் பூட்டினா கர்த்தரு உள்ளயா மாட்டிக்கிட்டாரு?"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். முதலில் முறைத்தார், பிறகு சிரித்தார். "கொத்தனாருக்க பயலுக்கு வாய் கொள்ளாம்டே" என்று ஏறி வந்து முன்னால் உட்கார்ந்தார். அந்த ஒரு கேள்விதான் நான் செய்த முதல் பிரசங்கம். உட்கார்ந்துவிட்டார்கள், இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பாட்டு எழும்பியது. தையல்காரர் மகள். என்னைவிட ஒரு வயசு மூத்தவள். தகப்பனுக்குக் காஜா எடுத்துக்கொடுத்து விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. குரல் மட்டும் அப்படியே வெண்கலம். கருங்கல் படி தொடையைச் சுட்டது. யாரும் எழும்பவில்லை.

அப்படித்தான் தொடங்கியது. வாரா வாரம் நடத்தினோம், அந்த முகப்பிலேயே. மூன்று பேர் பொறுப்பெடுத்தோம். பாட்டுத் தேர்வும் பெண்களைப் பழக்குவதும் தையல்காரர் மகள். வேதபாடம் வாசிப்பது ஓட்டல்காரர் மகன். அவன் அப்பா சாலைச் சந்தில் சின்னச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். பிரசங்கமும் ஆள் சேர்ப்பதும் நான். பெரியவர்கள் யாரும் முன்னால் வரவில்லை. குறை சொல்லவில்லை, பெரிய மனிதர்களோடு மல்லுக்கு நின்றால் நாளைக்கு வேலை போகும் என்ற பயம் அவர்களுக்கு. எங்களுக்குப் போவதற்கு என்ன இருந்தது?

ஓட்டல்காரர் மகன் பத்தாம் வகுப்பு. மலையாளக் கட்டுரையில் பரிசு வாங்கியவன். தமிழ் எழுத்து அவனுக்குக் கோலம் மாதிரி. பார்க்க அழகு, படிக்கத் தெரியாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். சனிக்கிழமை சாயங்காலம் தையல்கடையில் அவள் தமிழில் மெதுவாக வாசிப்பாள்; அவன் அதைக் கேட்டு மலையாள எழுத்தில் எழுதிக்கொள்வான். சாலைக் கடைகளில் கொடுக்கிற காலண்டர்த் தாளின் பின்பக்கம்தான் காகிதம். ஞாயிற்றுக்கிழமை அவன் எழுந்து வாசித்தால் சுத்தத் தமிழ். எட்டிப் பார்த்தால் மலையாளம். திருப்பிப் பார்த்தால் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். அந்தத் தாள்களில் ஒன்றைக்கூட யாரும் எடுத்துவைக்கவில்லை. பஜ்ஜி மடித்திருப்பார்கள்.

என் பிரசங்கம் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு வாரம், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற அப்பாவின் தூக்குக்குண்டைக் கையோடு கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். "இது ஆடும், ஆனா பொய் சொல்லாது. நம்ம மனசு ஆடவும் செய்யும், பொய்யும் சொல்லும்" என்று ஆரம்பித்தேன். சாம்பார் அண்ணாச்சி விடுவாரா?

"லேய் மக்கா, போன வாரம் நீ கெட்டின சுவரு சரிஞ்சு விழுந்துதாமே?"

"அண்ணைக்கு இதக் கொண்டு போவல அண்ணாச்சி. அதுதான் பிரசங்கமே."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அம்மா முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆள் சேர்ப்பதில்தான் என் முழுத் திறமையும். ஞாயிறு மத்தியானம் ஓட்டல்களின் பின்வாசல் ஒவ்வொன்றாகப் போவேன். எச்சில் இலைக் குவியல், மாடு, வழுக்குகிற பாசி. சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ரெண்டரைக்கு எல்லாரும் கூடணும், மறந்திராதிய" என்பேன். கூட்டம் வாரத்துக்கு வாரம் பெருத்தது. உபதேசியார் காலத்தில் வந்ததைவிடக் கூடுதல். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அந்தப் பெருமையில்தான் சிக்கலும் வந்தது. ஒரு பையன் பின்வாசல் பின்வாசலாக வந்து வேலைக்காரர்களைக் கூடச் சொல்கிறான் என்று ஓட்டல் முதலாளி ஒருவர் காதில் விழுந்து, அவர் வாயிலிருந்து செயலாளர் காதுக்குப் போயிற்று. எங்கள் மூன்று பேரையும் கமிட்டிக்கு முன்னால் வரச் சொன்னார்கள்.

போகிற வழியெல்லாம் ஒத்திகை. மலையாளத்தில் பேசலாம், நானே பேசுகிறேன் என்றான் ஓட்டல்காரர் மகன். தமிழுக்காகக் கேட்கிறோம், தமிழில்தான் கேட்க வேண்டும், நானே கேட்பேன் என்றேன் நான். அவர்களுக்கும் தமிழ் புரியாமலா போகும்? கடைசியில் என் பிடிவாதம் ஜெயித்தது.

கோயிலை ஒட்டிய சின்ன அறை. மேசைக்குப் பின்னால் பெரியவர்கள், ஓரத்தில் பேசாமல் அச்சன். செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: திடப்படுத்தல்கூட ஆகாத பிள்ளைகள், சபையில் முழு அங்கத்தினராகவே எண்ணப்படாதவர்கள், ஆராதனை நடத்த யார் அதிகாரம் தந்தது?

நான் எழுந்தேன். பயமில்லை. கையைக் கட்டிக்கொண்டு, எவ்வளவு தாழ்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தாழ்மையாகச் சொன்னேன்:

"ஐயா, உபதேசியாருக்குச் சொகமில்ல. வேற ஆளு வரது வரைக்கும் நாங்க நடத்திக்கிடுதோம். எங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும். அவகாசம் தராம கதவப் பூட்டினா எப்படி?"

செயலாளர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"அவகாசமோ?" முகம் சிவந்துவிட்டது. "இது பள்ளியாணு, பாக்டறி அல்லா! இன்னு அவகாசம் சோதிக்கும், நாளெ கொடி பிடிக்கும்!"

இன்று அவகாசம் கேட்பான், நாளை கொடி பிடிப்பான் என்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டதற்கு ஒரு மனிதர் இப்படித் துள்ளுவாரா? காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று சத்தத்தைக் கூட்டினேன்.

"அவகாசந்தானே கேட்டோம்! வேற என்ன கேட்டோம்?"

அதோடு முடிந்தது. வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு கோயில் கதவு மட்டுமல்ல, மதில் கேட்டும் பூட்டு. முகப்பும் போயிற்று. அப்பாவைக் கூப்பிட்டு, பையனை யாரோ கட்சிக்காரர்கள் கையில் வைத்திருக்கிறார்கள், பார்த்துக்கொள் என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா மட்டப்பலகையோடு வந்தார்.

"லேய், ஒனக்குப் பின்னால ஆருலே நிக்கா? நேரச் சொல்லு."

"ஆருமில்லப்பா. தையல்காரருக்க மவதான் நின்னா."

உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு இன்னொரு அடி விழுந்தது.

அந்த வாரங்களில் எனக்கு வலித்தது முதுகு அல்ல. ஞாயிறு இரண்டு மணியானால் அம்மா முகம் கழுவுவாள், நல்ல சேலை மாற்றுவாள், முடியைக் கோதி முடிவாள். பிறகு அடுக்களை வாசல்படியில் போய் உட்காருவாள்.

"எங்கம்மா போறிய?"

"எங்கயும் இல்ல. நேரமாச்சுல்லா."

மூன்றரை வரைக்கும் அப்படியே இருப்பாள். உதடுகூட அசையாது. பிறகு எழுந்து பழைய சேலையைக் கட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கப் போவாள்.

ஒரு நாள் கரமனையில் சாரத்தின்மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தேன். கீழே ஓட்டல்காரர் மகன், ஸ்கூல் பையோடு, மூச்சிரைக்க.

"லேய், கீழ எறங்கு! எறங்குலே!"

யாரோ செத்துவிட்டார்கள் என்று குதித்து இறங்கினேன்.

"இன்னைக்கு மலையாளம் சாறு போர்டுல பெருசா அவகாசம்னு எழுதினாரு. அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?"

"என்ன, நேரம்தானே. தவணை."

"நமக்கு. அவங்களுக்கு உரிமைலே, உரிமை! செக்ரட்டேரியட்டுக்குக் கொடி பிடிச்சிட்டுப் போவாவல்லா, அவங்க கத்துத வார்த்தை அது. நீ அங்க போய் நின்னு, உரிமையக் குடு, குடுக்காம பூட்டினா எப்படின்னு கேட்டிருக்க. ரெண்டு தடவ!"

நான் சாந்துக் கரண்டியை அவனை நோக்கி நீட்டினேன். "பிறந்ததுலேருந்து ரெண்டு பாஷையும் பேசுத. நீ அன்னைக்குப் பக்கத்துலதான நின்ன?" என்றேன்.

"வீட்டுல கேட்டா வீட்டு அர்த்தம், ஸ்கூல்ல கேட்டா ஸ்கூல் அர்த்தம். ரெண்டும் ஒரே எடத்துல சந்திச்சதே இல்லலே."

அன்று சாயங்காலமே அச்சன் வீட்டுக்குப் போனோம், மூன்று பேரும். அவர் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்; தனிக்கட்டை. ஓட்டல்காரர் மகன் மலையாளத்தில் விளக்கினான். கேட்கக் கேட்க அச்சனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஈரத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

"அப்போ உங்களுக்கு வேண்டியது கொஞ்சம் நேரம். அவ்வளவுதானே?" அவர் பேசியது மலையாளம், நமக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். "அதற்கென்ன. கிறிஸ்துமஸ் வரைக்கும் நடத்துங்கள். நான் செயலாளரிடம் சொல்கிறேன். பிறகு எல்லாரும் காலையில் சேர்ந்துகொள்ளலாம்."

நான் தலையாட்டினேன். ஓட்டல்காரர் மகனும் ஆட்டினான். தையல்காரர் மகள் மட்டும் ஆட்டவில்லை.

"இல்ல அச்சா" என்றாள், தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில். "அவன் கேட்டது நேரம். நான் கேக்கது மற்றதாக்கும்."

அச்சன் சிரிப்பு நின்றது. நான் அவள் பாவாடை நுனியைப் பிடித்து இழுக்காத குறை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு போகாமல் இவள் என்ன செய்கிறாள்?

"கிறிஸ்துமஸ் முடிஞ்ச பிறவும் ஓட்டல்காரங்களுக்கு ரெண்டரைக்குத்தான் ஒழிவு கிட்டும் அச்சா. இவனுக்க அம்மைக்குத் தமிழ்லதான் ஜெபம் வரும். தவண முடிஞ்சா அதெல்லாம் மாறீருமா?"

அச்சன் திரும்பி, துணி முழுவதையும் காயப்போட்டு முடித்தார். பிறகு படியில் உட்கார்ந்து எங்களையும் உட்காரச் சொன்னார்.

தான் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவன் என்றார். கூடப் படித்தவர்களில் ஒரு யூதப் பையன். அவனுடைய ஜனங்கள் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அவர்களுடைய ஜெப ஆலயத்தில் சபையாகக் கூடி ஜெபிக்கப் பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் சில ஜெபங்களைச் சொல்லவே கூடாது. ஆட்கள் குறையக் குறையக் கிழவர்கள் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பார்களாம், யாராவது வருகிறார்களா என்று. பையனுக்குப் பதிமூன்று வயசு நிரம்பியது. அவர்கள் முறையில் அதோடு அவன் பெரியவன். சபைக்கு முன்னால் நின்று வேதச் சுருளைப் பார்த்து வாசித்தான்.

"அதற்குப் பிறகு நான் பந்து விளையாடக் கூப்பிட்டால் வரமாட்டான். நான் போகாவிட்டால் அவர்களுக்குப் பத்துப் பேர் சேராது என்பான். ஒரே வாரத்தில் அவன் என்னைவிடப் பெரியவன் ஆகிவிட்டான். எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னை எந்தச் சபையும் அப்படி எண்ணியதில்லை."

தையல்காரர் மகள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "பொம்பளப் பிள்ளையா இருந்தா எண்ணுவாவளா அச்சா?"

"அங்கே எண்ணமாட்டார்கள்."

"இங்க?"

அச்சன் உள்ளே போனார். வரும்போது கையில் கோயில் சாவி இருந்தது. செயலாளரிடம் ஒன்று, இவரிடம் ஒன்று இருந்திருக்கிறது. கனமான இரும்புச் சாவி. நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டி அவள் உள்ளங்கையில் வைத்தார். அன்று எனக்கு அது பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது சாவியை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன், உனக்குக் கை வலிக்கும் என்றுகூடச் சொல்லிப்பார்த்தேன். "ஒனக்குத்தான் தூக்குக்குண்டு இருக்கே" என்று விட்டாள்.

கமிட்டியில் அச்சன் என்ன பேசினார் என்று முழுக்கத் தெரியாது. பையன் என்ன அர்த்தத்தில் சொன்னான் என்பதை அவர் விளக்கினாராம். பிறகு, நீங்கள் கேட்ட அர்த்தத்திலேயே அதை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றாராம். எங்கள் மூன்று பேரையும் அடுத்த திடப்படுத்தலுக்கு ஆயத்தப்படுத்தத் தானே பாடம் எடுத்தார், எங்களோடு உட்கார்ந்து தமிழ் எழுத்தும் பழகிக்கொண்டார். தமிழ் ஆராதனைக்குத் தவணை வைக்கவில்லை.

கதவு திறந்த முதல் ஞாயிறு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். மாதக்கணக்கில் மத்தியான வெயில் உள்ளே வராத இடம்; பெஞ்சில் உட்கார்ந்தபோது பின்பக்கம் சில்லிட்டது. நான் ஒரு நீண்ட பிரசங்கம் தயாரித்து வைத்திருந்தேன். தையல்காரர் மகள் எழுந்து நின்று, "இன்னைக்கு ஜெபம் பண்ணப்போறது கொத்தனாருக்க வீட்டுக்காரி" என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மா அதுவரை சபையில் வாய் திறந்தவள் அல்ல. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெளவால் ஒன்று உத்தரத்தில் இடம் மாறியது. பிறகு சொன்னாள்:

"கர்த்தாவே, கதவு பூட்டியிருந்தப்ப நீரு எங்க இருந்தீரோ தெரியாது. நான் படியில இருந்தேன். கண்டிருப்பீரு. ஆமென்."

சாம்பார் அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். என் பிரசங்கத்தை நான் செய்யவில்லை. அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது என்று அந்த வயசிலும் எனக்குத் தெரிந்தது. அதற்கும் ஒரு புத்தி வேண்டும்.

செயலாளரைப் பற்றிக் கெட்டதாக எழுத மாட்டேன். பல வருஷம் கழித்து அவர் வீட்டுக்கு மாடி எடுத்தது நான்தான். தினமும் அவரே சாயா போட்டுக் கொண்டுவந்து தருவார். ஒரு நாள் சொன்னார்: வேலையில் இருந்த காலத்தில், அவகாசம் அவகாசம் என்று கோஷம் போட்டு ஒரு பகல் முழுக்க அவரை அறைக்குள் அடைத்து வைத்திருந்தார்களாம். குடிக்கத் தண்ணீர்கூடத் தரவில்லை. "அந்த வாக்கு கேட்டால் இப்போளும் நெஞ்சு இடிக்கும். அன்னு நீ கொச்சு பையன். நான் கண்டது உன்னெ அல்லா" என்றார். அவர் கண்டது என்னை அல்ல. அப்பா கண்டதும் என்னை அல்ல, எவனோ ஒரு கட்சிக்காரனை. பெரியவர்கள் அடித்த அடியெல்லாம் வேறு யாருக்கோ குறிவைத்தது என்று தெரிய எனக்கு நரைக்க வேண்டியிருந்தது.

ஓட்டல்காரர் மகன் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று இங்கேதான் இருக்கிறான். இன்றும் தமிழ் எழுத்து அவனுக்குக் கோலம்தான். தையல்காரர் மகள் நர்ஸாகி வளைகுடாவுக்குப் போனவள். இப்போது நாகர்கோவிலில் மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

இனி, இதை எழுதக் காரணமான விஷயம். கோயில் ஆண்டுவிழா மலரில் வரப்போகிற சபை வரலாற்றைப் போன வாரம் எனக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். அதில் இப்படி இருக்கிறது: தடைபட்ட தமிழ் ஆராதனை அன்றைய கமிட்டியாரின் முயற்சியால் மீண்டும் தொடங்கப்பட்டது, வாலிபர் சிலர் அதற்கு உதவினார்கள்.

உதவினார்களா? நாற்காலி எடுத்துப் போட்டவன் உதவினவன். பூச்சட்டி தூக்கினவன் உதவினவன். வெயிலில் படியிறங்கிப் போன சபையைத் திரும்பி உட்கார வைத்தவனுக்கு உதவினவன் என்றா பெயர்? அந்தப் பதினைந்து வயசில் நாங்கள் யாருக்கும் உதவவில்லை. நாங்கள் நடத்தினோம். கமிட்டி பூட்டியது, நாங்கள் நடத்தினோம். மலர்க் குழுவில் இருக்கிற என் வயசுக்காரர்களே, அந்தப் படியில் உங்களில் சிலரும் உட்கார்ந்தீர்கள். அச்சுக்குப் போகுமுன் அந்த வினைச்சொல்லை வெட்டுங்கள்.

பேர்களையும் போடுங்கள், சிலர் என்று எழுத வேண்டாம். தையல்காரர் மகள் பேரை முதலில் போட்டால் சம்மதம். இரண்டாவது நான். அதற்குக் கீழே ஒரு வரிகூட இறங்க மாட்டேன்.